பந்து போகாத பக்கம்

நான் சென்டர்.
குனிந்து நின்று கால்களுக்கு நடுவே
பந்தைப் பின்னே அனுப்புகிறவன்.
குவார்ட்டர்பேக் லேண்டனைத் தலைகீழாகப் பார்த்தே பழக்கம்:
மேலே புல், கீழே நெப்ராஸ்கா வானம்,
நடுவில் தொங்கும் இரண்டு கண்கள்.

சனிக்கிழமை அவனை ஒன்பது முறை வீழ்த்தினார்கள்.
ஒன்பதாவதில் எழுந்திருக்க நேரமாயிற்று.
ஹெல்மெட் கம்பிக்குள் புல்லும் மண்ணும்.
கை நீட்டினேன். பிடித்துக்கொண்டான்.
"பரவாயில்லை" என்றான்.
திட்டியிருக்கலாம்.

லைனில் ஐந்து பேர். சேர்த்து நிறுத்தால் எழுநூறு கிலோ.
பந்திக்கு முந்துகிறவர்கள், படைக்குப் பிந்துகிறவர்கள்.
உணவுக்கூடத்தில் எங்கள் தட்டுகள் மேல் விழுகிற பார்வைக்கு
வேறென்ன அர்த்தம்?

லைன் கோச் ஹ்ரூஷ்கா
வாரத்துக்கு ஒரு வேதம் கொண்டுவருகிறார்.
முதல் தோல்விக்குப் பின்:
ஆளைப் பார்க்காதே, இடத்தைக் காப்பாற்று.
இரண்டாவதற்குப் பின்:
இடம் கிடக்கட்டும், ஆளைப் பிடி.
மூன்றாவதற்குப் பின்
ஓடிஸை இடமிருந்து வலத்துக்கு மாற்றினார்.
எந்தக் காலை முதலில் வைப்பது என்று
ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தான் ஓடிஸ்;
யோசிக்கிறவனைத் தாண்டிப்போக ஒரு நொடி போதும்.
நான்காவதற்குப் பின் இடுப்பில் கயிறு கட்டி
ஐவரையும் ஒன்றாக நடக்கவிட்டார்.
சியோஸி தடுக்கினான். எல்லோரும் விழுந்தோம்.
எவனோ சிரித்தான்.
நான்தான்.

முதல் அடி அரைச் சாண், என்பார். அரைச் சாண் போதும்.
பலகையில் வட்டம் வரைவார், சட்டைக்கையால் அழிப்பார்,
மறுபடி வரைவார். புதன்கிழமைக்குள்
முழங்கைவரை நீல மை.

கத்துகிறவர் இல்லை. அதுதான் கஷ்டம்.
ஓர் இரவு வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்தேன்:
டிரக்குக்குள் விளக்கு, ஸ்டியரிங் மேல் விரித்த தாள்,
உட்கார்ந்தபடியே தன் வலதுகாலை
அரைச் சாண் நகர்த்துகிறார், இழுக்கிறார், நகர்த்துகிறார்.
அவருக்கும் தெரியவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.
ஏனோ அன்று நன்றாகத் தூங்கினேன்.

வியாழன் இரவு, காசு போட்டுத் துவைக்கிற கடையில்
ஐந்து பேரும் கூடினோம்.
டிரையர்களின் இரைச்சல் அரங்கின் இரைச்சல்போல.
வாய்ப்பேச்சு எட்டாத இடத்தில் எப்படிச் சொல்வது?
கார்வர் என் தொடையில் தட்டுவான்.
நான் தலையை ஆட்டுவேன்.
மனதுக்குள் ஒன்று எண்ணியதும் பந்து.
பந்துக்குப் பதில் சுருட்டிய ஈரத்துண்டு.
துவைக்க வந்த ஒரு பெண்மணி
கூடையை மடியில் அணைத்துக்கொண்டு,
ஐந்து பூதங்கள் உள்ளாடைக் குவியலுக்குக் காவல் நிற்பதைப்
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த சனியும் தோற்றோம். பதினேழு புள்ளியில்.

ஆனால் மூன்றாம் குவார்ட்டரில், மூன்றாம் முயற்சியில்,
இரண்டு கெஜம் வேண்டியிருந்தபோது
கார்வர் தட்டினான்,
நான் தலையாட்டினேன்,
ஓடிஸ் யோசிக்கவில்லை.
எனக்கு எதிரே இருந்த மலை
முதலில் மூச்சை விட்டது, பிறகு தரையை விட்டது.
நான்கு கெஜம் தள்ளிக்கொண்டே போனோம்,
விசில் கேட்ட பிறகும் கொஞ்சம்.
பந்து அந்தப் பக்கம் வரவில்லை.
எங்கள் ரன்னிங் பேக் மறுபக்கம் திரும்பித்
தன் காலே தடுக்கி விழுந்திருந்தான்.
உள்ளூர் டிவியும் பந்தோடு போய்விட்டது.

திங்கள். இருட்டிய அறை.
கோல்கம்பத்துக்குப் பின்னால் வைத்த கேமராவின் படம்.
ஹ்ரூஷ்கா நிறுத்தினார், பின்னே ஓட்டினார்.
ஆறு முறை.
வாயைத் திறக்கவில்லை.
ரிமோட் பிடித்த கையின் சட்டை இன்னும் வெள்ளை.
ஏழாவது முறை நிறுத்த மறந்துவிட்டார்,
படம் அடுத்த ஆட்டத்துக்குப் போயிற்று:
லேண்டன் விழுகிறான்.
வீழ்த்துகிறவன் நான் பிடித்திருக்க வேண்டிய ஆள்,
என் தோளைப் படியாக்கி ஏறிப் போகிறான்.

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.
விளக்கைப் போட்டார்.
"இடது கால்" என்றார் என்னிடம்.
நாற்காலிகளுக்கு நடுவே எழுந்து, வைத்துக் காட்டினேன்.
அவர் குனிந்து என் ஷூவையே பார்த்தார்.
"இன்னும் கொஞ்சம் கம்மி."